பிளெக்ஸில் ஒரு பீரோ

போன வாரம் ஒரு பிளெக்ஸ் பேனரைப் பார்த்து டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பேனரில் இருந்தது நான்தான்.

வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்குத் திரும்பும் முனை. அங்கே எப்போதும் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்பார். வயதுக்கு வந்தவர், புது வீடு கட்டியவர், கட்சியில் சேர்ந்தவர், காலமானவர்... காலமானவர்தான் மற்ற எல்லோரையும்விட நன்றாகச் சிரிப்பார்.

அன்றைக்கு யார் என்று அண்ணாந்து பார்த்தேன். கோட்டு சூட்டு. கறுப்புக் கண்ணாடி. பின்னால் ஒரு வெளிநாட்டு மலை, பனியோடு. யாரோ பெரிய இடம் என்று நினைத்து நகரப் போனேன். அந்த வாய் எங்கேயோ பார்த்த வாயாக இருந்தது. பாதி திறந்த வாய். என் கம்பெனி அடையாள அட்டையில், போட்டோக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் படம் எடுத்தபோது திறந்த அதே வாய்!

கீழே எழுதியிருந்தது: 'தங்கக் கம்மலும் பீரோவும் சீராக வழங்கும் பாசமிகு தாய்மாமன்'. அதற்குக் கீழே என் பெயர். பீரோவின் எழுத்து என் பெயரைவிடப் பெரியது.

எனக்கு ஒரு பீரோ வழங்கும் உத்தேசம் இருப்பது, அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் பின்னால் போனேன். டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, பீரோவாமே? ஒத்தக் கதவா, ரெட்டைக் கதவா?"

"டீ குடு" என்றேன்.

"ரெட்டைக் கதவா எடுத்துருண்ணா. உன் ரேஞ்சுக்கு ஒத்தக் கதவு நல்லா இருக்காது."

என் ரேஞ்ச் என்னவென்று உங்களுக்குத் தெரியும். உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் மூட்டை தைக்கும் மெஷினுக்கு முன்னால் நிற்பவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் சேர்ந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேச வராததால்தான் வாராவாரம் இந்தப் பத்திரிகையில் உங்களிடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. உப்பளமும் கடலுமாக வாழும் ஒரு குடும்பத்தில் மாதச் சம்பளம் என்பது சாதாரண விஷயமா? உப்பளத்தில் மழை பெய்தால் வேலை இல்லை. கடலில் காற்று அடித்தால் வேலை இல்லை. மழை பெய்தாலும் காற்று அடித்தாலும் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான். அந்த ஒரு தகுதியை வைத்து எனக்குப் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன் வகையில் எத்தனை பதவிகள்!

இந்தத் தாய்மாமன் பதவியையே எடுத்துக்கொள்ளுங்கள். காது குத்தப்போவது லட்சுமியின் மகனுக்கு. மூன்று வயசு. லட்சுமி என் பெரியம்மா மகள். அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருத்தன் இருக்கிறான், ஏழுமலை. ரத்தம், பால் எல்லாம் ஒன்று. நியாயப்படி பையன் உட்கார வேண்டியது ஏழுமலை மடியில். நான் ஒன்றுவிட்ட மாமன். பந்தியில் முதல் வரிசையில் உட்காரலாம், அவ்வளவுதான்.

ஆனால் ஏழுமலை உப்பளத்தில் கூலி. இது தை மாசம். மழைத் தண்ணீர் இப்போதுதான் வடிந்திருக்கிறது. பாத்திச் சேற்றைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். உப்பு விளைய இன்னும் நாள் இருக்கிறது. கையில் ஒன்றும் இல்லாத மாசம். இந்த மாசத்தில் ஏழுமலை யாருக்கும் அண்ணன் இல்லை, மாமன் இல்லை.

அதனால் லட்சுமி மாமனை மாற்றிவிட்டாள். பேனரின் அடியில் 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' வரிசையில், தபால் தலை அளவுக்கு ஏழுமலை இருந்தான். அவனுக்குக் கோட்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

லட்சுமி முன்பு போன் செய்தது உண்மை. "ண்ணா, புள்ளைக்குக் காது குத்துறோம். நீதான் முன்ன நின்னு செய்யணும்." நானும் "உம்" என்றேன். முன்னால் நிற்பதில் என்ன செலவு என்று நினைத்தேன். சின்னதாக ஒரு ஜோடி கம்மலும் வாங்கி வைத்தேன். பீரோ என்ற சொல்லை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிளெக்ஸ்தான் சொன்னது.

பழைய காலத்தில் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள். வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு, மழை, வெயில், மாட்டுக்குச் சீக்கு என்று ஊரைச் சுற்றி, கடைசியில் தொண்டையைச் செருமுவார்கள். செருமலிலேயே தொகை தெரிந்துவிடும். இப்போது அந்தச் செருமல்கூட இல்லை. நேராக பிரிண்ட்!

டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அங்கே என் மனைவி அஞ்சலை வாசலில் சேற்றோடு உட்கார்ந்திருந்தாள். சேற்றோடு என்றால், முழங்கால்வரை.

இங்கே எங்கள் பாத்ரூமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பாத்ரூம் ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கிறது. மூன்று பக்கச் சுவர் மட்டும் எங்கள் வீட்டுப் பின்புறம் இருக்கிறது. தரைக்கு வைத்த பணம் இரும்பை கிராமத்தில் இருக்கிறது. சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. சித்தப்பா வந்து செருமினார். கூரை பெரிய முதலியார்சாவடியில் இருக்கிறது. மாமன் மகனின் படகு இன்ஜின் சீசன் நேரத்தில் படுத்துவிட்டது. குழாயும் பைப்பும் ஒரு பெரியப்பாவின் கண் ஆபரேஷனில் இருக்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு நல்ல பார்வை. வீட்டுக்கு வந்தவர், "இன்னாப்பா, பாத்ரூமுக்குக் கதவே காணோம்?" என்று கேட்டார். அவருக்குக் கண் தெரிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

கூரை இல்லாவிட்டால் பரவாயில்லை, வானம் இருக்கிறது. குழாய் இல்லாவிட்டால் பரவாயில்லை, வாளி இருக்கிறது. கதவு இல்லாவிட்டால்?

அஞ்சலைக்கும் ஏழுமலையோடு அதே உப்பளத்தில்தான் வேலை. உப்புச் சேறு உடம்பில் ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. காய ஆரம்பித்தால் தோலை இழுத்துப் பிடிக்கும். அப்புறம் அரிக்கும். வெடிப்பில் இறங்கினால் எரியும். மற்றவர்கள் வீட்டுக்குப் போனதும் குளித்துவிடுவார்கள். அஞ்சலை மதியம் வீட்டுக்கு வந்து, இருட்டும்வரை உட்கார்ந்திருப்பாள். பின்பக்கம் தெருவுக்குத் திறந்து கிடக்கிறது. அவள் கை கால் கழுவலாம், முகம் கழுவலாம். மற்றதற்குச் சூரியன் மறைய வேண்டும். சூரியனை இந்த அளவுக்குத் திட்டும் இன்னொரு பெண்ணை நான் பார்த்ததில்லை.

இந்தத் தையில் கதவு என்பது அவள் முடிவு. பி.வி.சி. கதவு, நீல நிறம். கடையில் போய்க் கையால் தட்டிப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறாள். பணம் சேர்ந்துவிட்டது. ஒரு கதவுக்கான பணம்.

"முனையில பேனரைப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"கதவு பீரோல இருக்குமா, பாத்ரூம்ல இருக்குமா?"

நான் துண்டால் வாயைத் துடைத்தேன்.

"போய்ச் சொல்லிட்டு வா. கம்மல் குடுக்குறோம், பீரோ முடியாதுன்னு. ரெண்டே வார்த்தை. 'பீரோ முடியாது.' எங்க, சொல்லு பாப்போம்."

"பீரோ முடியாது" என்றேன்.

"நல்லாதான் சொல்ற. இதையே அங்க சொல்லு."

வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனேன். பீரோ முடியாது, பீரோ முடியாது. லட்சுமி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட வாயில் இருந்தது. அவள் ஓடி வந்தாள்.

"ண்ணா! பேனர் பாத்தியா? மூஞ்சி நல்லா வந்திருக்கா?"

"நல்லா வந்திருக்கு" என்றேன்.

"கோட்டு எப்படி?"

"கோட்டும் நல்லா இருக்கு."

"உக்காருண்ணா. வஞ்சிரம் வெச்சிருக்கேன்."

வஞ்சிரத்துக்கு முன்னால் பீரோ முடியாது என்று சொன்னவர் யாராவது உங்களில் உண்டா? இருந்தால் அவருக்கு என் வணக்கம். நான் சாப்பிட்டேன். லட்சுமி வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டெம்போ ஓட்டுகிறவர், நல்ல குரல்.

"மச்சான், பத்திரிகையில வேற எழுதுறீங்க. அதுல எப்படி, லட்சத்துல வருமா?"

"வரும்... கொஞ்சமா வரும்."

"சொல்ல மாட்டார் பாரு. அடக்கம்!" என்றார் லட்சுமியிடம்.

இரண்டாவது துண்டு மீனும் விழுந்தது. சாப்பிட்டு, கை கழுவி, பையனை ஒரு முறை தூக்கிப் பார்த்து — அவன் என்னைக் கண்டு வீறிட்டான் — கீழே இறக்கிவிட்டு வந்துவிட்டேன்.

"சொல்லிட்டியா?" என்றாள் அஞ்சலை.

"மீன் நல்லா இருந்திச்சு" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அஞ்சலை திட்டினால் பயமில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால்தான்.

மறுநாள் அளத்திலிருந்து வந்தவள் ஒரு செய்தி கொண்டுவந்தாள்.

"ஏழுமலை இன்னிக்கு வாயே தெறக்கல. காலையிலேருந்து ஒரே பாத்தியை மிதிச்சினே இருந்தான். பாத்தி சிமெண்ட் ரோடு மாதிரி ஆயிடுச்சு. மேஸ்திரி வந்து, 'டேய், உப்பு வெளையணும்டா, லாரி ஓட வேணாம்'ங்குறாரு."

"பேனர் பாத்திருப்பானோ?"

"பாக்காம? அந்த முனையைத் தாண்டித்தான அளத்துக்கு வரணும்? அந்தப் புள்ள தெனம் தூங்குறதே அவன் தோள்லதான். அவனைத் தீப்பெட்டி சைசுக்குப் போட்டுட்டாங்க, உன்னை மாடி வீடு சைசுக்கு."

இதில் என் தப்பு என்ன என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் கேட்க நினைத்துக் கேட்காதவற்றைச் சேர்த்தால் இந்தப் பத்திக்குப் பத்து வருஷத்துக்கு விஷயம் இருக்கிறது.

அதற்கும் மறுநாள் அஞ்சலை வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"பீரோவை எடுத்துட்டேன்."

"எங்கேருந்து?"

"பேனர்லேருந்து."

அளத்திலிருந்து கூடையில் ஒரு உருண்டைச் சேறு கொண்டுவந்து, முனையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, 'பீரோவும்' என்ற எழுத்தின் மேல் அப்பிவிட்டிருக்கிறாள். பூசிய விதம் அப்படி — கொத்தனார் தோற்றார். உப்பளச் சேறு காய்ந்தால் இரும்பு. அவள் எட்டாவதுவரை படித்தவள், என்னைவிட மூன்று வகுப்பு மேல். ஒரு எழுத்துகூட அதிகமாக மறைக்கவில்லை. இப்போது பேனர் இப்படி இருந்தது: 'தங்கக் கம்மலும்' — ஒரு சேற்றுக் கட்டி — 'சீராக வழங்கும் பாசமிகு தாய்மாமன்.'

"என் மூஞ்சி?" என்றேன்.

"அதை வுட்டுட்டேன். ஆயிரம் இருந்தாலும் வீட்டுக்காரன் மூஞ்சி."

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் ஆராய்ச்சி நடந்தது. எந்தக் கட்சி, எந்தத் தெரு, எந்தப் பகை? டீ மாஸ்டர்தான் விரலால் சுரண்டிப் பார்த்து முடிவு சொன்னார். "இது அளத்துச் சேறு. அளத்துல வேலை செய்றவன்தான் அடிச்சிருக்கான். இந்தப் பேனர் மேல எரிச்சல் இருக்குற அளத்து ஆளு யாரு?"

எல்லோருக்கும் ஒரே பெயர்தான் தோன்றியது. சாயங்காலத்துக்குள் லட்சுமி வீடுவரை போய்விட்டது — சேற்றை அடித்தது ஏழுமலை.

எனக்கு உண்மை தெரியும். அஞ்சலைக்கும் தெரியும். "நான் போய்ச் சொல்லிடுறேன்" என்று அவள் முந்தானையைச் செருகினாள். நான் தடுத்தேன். விசேஷ வீடு, நாளைக்குப் பார்க்கலாம், தானாக அடங்கிவிடும் என்றேன். தானாக அடங்கிவிடும் என்பது என் வாழ்க்கைத் தத்துவம். அதன்படி இதுவரை அடங்கியது நான் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை. அம்மன் கோயில் வாசலில் பந்தல். வேப்பமரத்தின் மேலே அளம்வரை கேட்கும் புனல் ஸ்பீக்கர். பையனுக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். மைக் லட்சுமி வீட்டுக்காரர் கையில்.

"பாசமிகு தாய்மாமன் அவர்கள் மேடைக்கு வரவும்!"

மேடை என்றால் ஒரு ஜமக்காளம். தாம்பாளத்தோடு போனேன். கம்மல், துணி, பழம், மாலை. யாரும் தாம்பாளத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்கள். வண்டி ஏதாவது வருகிறதா என்று. ஒரு பெரியவர் எழுந்து நின்று ரோட்டையே பார்த்தார்.

பையனைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். வைத்ததுதான் தாமதம்... புனல் ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. என் சட்டையில் சந்தனம், முகத்தில் உதை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஏழுமலையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக் கத்தினான். ஏழுமலை தன்னை அறியாமல் ஓர் அடி எடுத்து வைத்தான்.

அவ்வளவுதான். லட்சுமி வீட்டுக்காரர் மைக்கிலேயே ஆரம்பித்தார்.

"நில்லு! அங்கயே நில்லு. என் புள்ள விசேஷத்துக்கு வெச்ச பேனர்ல சேத்தை அடிச்சுட்டு, இங்க இன்னா மூஞ்சியோட வந்து நிக்கிற?"

"நானா?" என்றான் ஏழுமலை.

"பின்ன நானா? செய்யத்தான் வக்கில்ல, செய்றவனையாவது வுடக் கூடாதா?"

ஏழுமலை தன் கையைப் பார்த்தான். கையில் சேறு இருந்தது, எப்போதும் இருக்கும் சேறு. அதை வேட்டியில் துடைத்தான். அப்புறம் செருப்பைத் தேட ஆரம்பித்தான். தன் தங்கச்சி மகன் காதுகுத்திலிருந்து கிளம்பிப் போக.

பெண்கள் பக்கத்தில் அஞ்சலை எழுந்து முந்தானையைச் செருகுவது தெரிந்தது. அவள் பேசினால் பந்தல் தாங்காது. இரண்டு குடும்பம் மூன்று தலைமுறைக்குப் பேசாது. அவளுக்கு முன்னால் யாராவது பேசியாக வேண்டும். யார்?

பையனை ஜமக்காளத்தில் விட்டுவிட்டு எழுந்தேன். மைக்கை வாங்கினேன். நான் மைக்கைப் பிடித்தது அதுதான் முதல் முறை. எவ்வளவு கனம் என்று யாரும் சொல்லவில்லை.

"சேறு அடிச்சது ஏழுமலை இல்ல" என்றேன். என் குரல் வேப்பமரத்திலிருந்து திரும்பி வந்து என்னையே பயமுறுத்தியது. "எங்க வீட்டுல அடிச்சது."

"நான்தான்!" என்றாள் அஞ்சலை, மைக் இல்லாமலே.

"எங்க வீட்டு பாத்ரூமுக்குக் கதவு இல்ல" என்றேன். ஏன் அதைச் சொன்னேன்? வேறு ஒன்றும் தோன்றவில்லை. "பீரோ வாங்குனா கதவு வராது. அவ சாயங்காலம் வரைக்கும் சேத்தோட குந்தியிருக்கா. அதான். மாமன் ஏழுமலைதான், நான் இல்ல. நன்றி, வணக்கம்."

மைக்கில் பேசுகிறவர்கள் கடைசியில் அப்படித்தான் சொல்வார்கள்.

என் வீட்டு பாத்ரூமுக்குக் கதவு இல்லாத செய்தி, அளத்தைத் தாண்டிக் கழிமுகம்வரை போய்ச் சேர்ந்திருக்கும். கொக்குகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் உட்கார இடம் தேடினேன். பூமி பிளக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் மட்டும், "அப்போ பீரோ வராதா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அதற்கு யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

லட்சுமி சிரிக்கவில்லை. என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். கண் கலங்கியிருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"யாருண்ணா உன்னைப் பீரோ கேட்டா?"

"பேனர்ல..."

"பேனர்ல போட்டா? எல்லாரும்தான் போடுறாங்க! மாமியா வீட்டுல, 'உன் பொறந்த வீட்டுல யாரு இருக்கா, இன்னா செஞ்சாங்க'ன்னு கேட்டுனே இருக்காங்க. படிச்சுட்டுப் போவட்டும்னு ஒரு பீரோ சேத்துப் போடச் சொன்னேன். வந்தவங்க கேட்டா, வீட்டுல எறக்கியாச்சுன்னு சொல்லியிருப்பேன். எந்த வீட்டுலண்ணா பேனர்ல போட்டதெல்லாம் குடுக்குறாங்க?"

"நெஜமா வேணாமா?"

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "குடுத்திருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?" லேசாகச் சிரித்தாள். "அன்னிக்கு வீட்டுக்கு வந்தியே, ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. மீனைத் தின்னுட்டுப் போயிட்ட."

வாசகர்களே, யோசித்துப் பாருங்கள். தேர்தலுக்குத் தேர்தல் பேனர் பார்க்கிறோம். அதில் எழுதியதை நம்பிய முதல் ஆள் நான்தான்.

ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இரும்பைச் சித்தப்பா வந்து செருமினாரே, அது நிஜமாகவே பணத்துக்கா, சளிக்கா? மாமன் மகன் இன்ஜின் படுத்துவிட்டது என்று சொன்னான். பணம் வேண்டும் என்று சொன்னானா? எங்கள் சொந்தத்தில் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. யாரும் வாய் திறந்து இல்லை என்பதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாத்ரூமே போய்விடுகிறது. கேட்பது கௌரவக் குறைச்சல், மறுப்பதும் கௌரவக் குறைச்சல். அப்படியானால் கொடுத்தது யார், வாங்கியது யார்? கௌரவம் கௌரவத்துக்குக் கொடுத்தது. நாம் நடுவில் பஸ் மாதிரி, ஏற்றி இறக்கிவிட்டோம்.

விசேஷம் நடந்தது. ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தான். பையன் அவன் மடியில் ஏறினான். கம்மலை நான் ஏழுமலை கையில் கொடுத்தேன். அவன் ஆசாரியிடம் கொடுத்தான். லட்சுமி வீட்டுக்காரர் மைக்கில், "உண்மையான தாய்மாமன் அவர்கள்" என்று திருத்தி அறிவித்தார். அவருக்கு அறிவிக்க ஏதாவது இருந்தால் போதும். சரியான மடி கிடைத்ததும் பையன் சிரித்துக்கொண்டே காது குத்திக்கொண்டான் என்று எழுத ஆசைதான். அங்கேயும் ஊரைக் கூட்டினான். ஊசிக்கு யார் மடி என்று தெரியுமா என்ன? ஆனால் உதைக்கவில்லை. கத்தி முடித்துவிட்டு அங்கேயே தூங்கிப்போனான். ஏழுமலை பந்திக்குக்கூட எழுந்திருக்காமல் அப்படியே இருந்தான். அவன் இலையை லட்சுமிதான் மடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

அஞ்சலையிடம் லட்சுமி கேட்டாள்: "ஏன் அண்ணி, கதவு இல்லன்னு ஒரு நாளும் சொல்லலியே?"

"நீ வந்து பாக்கலியே" என்றாள் அஞ்சலை.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பாத்திரம் கழுவினார்கள்.

பிளெக்ஸ் பேனருக்கு விசேஷம் முடிந்த பிறகுதான் உண்மையான மரியாதை. ஆட்டுக் கொட்டகைக்கு ஒருவர் கேட்டார், உப்புக் குவியலை மூட ஒருவர் கேட்டார். லட்சுமி யாருக்கும் கொடுக்கவில்லை. சாயங்காலம் ஏழுமலை அதைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு சவுக்குக் கழியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"தங்கச்சி குடுத்துது. கதவு வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு."

அவனே கட்டினான். மூன்று சுவர், நாலாவதாக நான். மேலே 'அன்புடன் வருக! வருக!' என்று இருக்கிறது. இடைஞ்சல்தான். அதை மடித்துக் கட்டிவிடலாம் என்றேன். மடித்தால் நீளம் போதவில்லை. 'பீரோவும்' இருந்த இடத்தில் சேறு அப்படியே இருக்கிறது. கழுவிப் பார்த்தும் போகவில்லை.

"மூஞ்சியை உள்பக்கம் திருப்பிக் கட்டவா, வெளிப்பக்கமா?" என்று ஏழுமலை கேட்டான்.

"வெளிப்பக்கமே இருக்கட்டும்" என்றாள் அஞ்சலை. "சம்பளக்காரர்தான? காவலுக்கு நிக்கட்டும்."

மறுநாள் அவள் மதியமே குளித்தாள். வெயில் நடு உச்சியில் இருக்கும்போது, வாளியைச் சத்தமாக வைத்து, தண்ணீரைச் சத்தமாக ஊற்றி. எனக்கு அந்த வாரம் மதிய ஷிப்டு, கிளம்பிக்கொண்டிருந்தேன். பேனருக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சூரியனைத் திட்டவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஊரில் இப்போது யாரும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "இன்னாண்ணா, கதவு வந்துச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். பணம் அப்படியே இருக்கிறது. கதவுக் கடையும் பக்கம்தான்.

போகிற வழியில்தான் மூன்று சொந்தக்காரர்கள் வீடு இருக்கிறது.